கறி தின்றது யார்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றோ நான்கோ இருக்கும். செருப்பு அறுந்து தாராவியில் ஒரு மாதா கோயில் படியில் உட்கார்ந்திருந்தேன். பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தன வரிசையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நின்றார்கள். கறி விலக்க வேண்டிய தவக்காலத்தில் சயான் ஓட்டலில் கறி தின்றுவிட்டார் அவர். சாமியாரிடம் சொல்லப் பயம்.

“அந்தக் காலத்துப் பாலைவன முனிவருங்களே சொல்லிருக்காங்கட்டி, கெட்ட நெனப்பு நம்மளுது இல்ல, பிசாசு கொண்டாந்து போடுறதுன்னு. நான் ஏன் முட்டி போடணும்?”

“அப்ப நல்ல நெனப்பு?”

“அது தேவதூதரு, சம்மனசு கொண்டாறது.”

“அப்படின்னா என்னைக் கல்யாணம் கெட்டணும்னு நெனச்சது நீங்க இல்லியா?”

அவர் பதறிப்போனார்.

“சேச்சே, அது நானேதான்!”

“அப்ப உங்களுக்குள்ளயும் ஒரு ஆளு இருக்காருல்லா? அவரையே போயி முட்டி போடச் சொல்லுங்க.”