ராசியான கை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மழைக்காலம் ஒத்துக்கொள்ளாது. ஐப்பசி பிறந்துவிட்டால், பட்டனை அழுத்தியதும் உள்ளே காற்றாடி சுற்றும், சின்ன விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். கூடவே பீப் பீப் என்று ஒரு சத்தம் வரும், தாயைத் தேடுகிற ஆட்டுக்குட்டி மாதிரி.

மேடம், நீங்கள் வாயால் சொல்லச் சொன்னீர்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். எழுதச் சொன்னால் எழுதுவேன் என்றதும் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். நீங்கள் கேட்டது அம்மாவைப் பற்றி. ஆனால் கம்ப்யூட்டரில் இருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும்.

அம்மா ஞானபூரணத்துக்கு வலிப்பு வர ஆரம்பித்தபோது நான் பதினொன்றாம் வகுப்பு. அடுப்படியில் கொதிக்கிற குழம்போடு விழுந்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் அப்பா கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்தார். ராஜபாளையம் ரோட்டில் எங்களுக்குப் பெயிண்ட் கடை இருக்கிறது. சாம்சன் அண்ணன் அப்போது பாளையங்கோட்டையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தான்.

"அவன் படிப்ப நிறுத்த முடியாது. பொம்பளப் பிள்ளைதான, வீட்ல நின்னு அம்மையப் பாத்துக்கிடட்டும்" என்றார் அப்பா. நான் கதவோரமாக நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. அதனால் பிற்பாடு நானும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டில் என் பெயர் ஏட்டி. ஏட்டி தண்ணி கொண்டா, ஏட்டி மாத்திரை எங்க, ஏட்டி கேட்டப் பூட்டு. ஷீலா என்று ஒரு பெயர் ரேஷன் கார்டில் இருந்தது.

அண்ணன் படித்து முடித்து, வீட்டில் இருந்தே வேலை பார்க்க ஆரம்பித்தான். வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிற வேலை. நேரத்துக்குக் கம்ப்யூட்டரில் நுழையாவிட்டால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அப்படி ஒரு நாள் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. அது நிஜமாகவே பழுதானதுதான். அதில் என் கை இல்லை.

அம்மா ஜெப எண்ணெயைத் தொட்டுப் பெட்டியின் தலையில் சிலுவை போட்டாள்.

"எம்மா, உள்ள விட்டுராத. இருக்கிற உசுரும் போயிரும்" என்று கத்திக்கொண்டே அண்ணன் மாரிராஜ் அண்ணாச்சிக்குப் போன் போட்டான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர். அவர் ராம் என்கிற மெமரியைக் கழற்றி, அதன் பல்லை ரப்பர் வைத்துத் தேய்த்து, திரும்ப மாட்டச் சொன்னார். பென்சில் அழிக்கிற ரப்பர்தான்.

"ஏட்டி, ஒன் டப்பால ரப்பர் கெடக்கா?"

என் ஜியாமெட்ரி பாக்ஸில் கிடந்தது. அண்ணனுக்குத் தடித்த விரல். ராம் என்பது சின்ன ஸ்கேல் மாதிரி ஒரு தகடு, ஒரு ஓரத்தில் தங்க நிறத்தில் பல் வரிசை. அவனால் பிடிக்க முடியவில்லை. நான் வாங்கித் தேய்த்தேன். பாவாடையில் துடைத்து, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் அழுத்தினேன். டக் என்றது. பட்டனைத் தட்டினேன். திரையில் வெளிச்சம் வந்தது.

"ஷீலா, ஒனக்கு ராசியான கைட்டி" என்றான் அண்ணன்.

ராத்திரி அப்பா பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார். நல்லி எலும்பை எடுத்து என் இலையில் வைத்தார். எப்போதும் அது அண்ணனுக்குத்தான். அந்த மாசம் முதல் தேதி என்னைக் கடைக்குக் கூட்டிப்போய், முதல் போணிக் காசை என் கையால் வாங்கிக் கல்லாவில் போடச் சொன்னார். அன்றைக்கு வியாபாரமும் நன்றாக நடந்துவிட்டது.

அதற்கப்புறம் கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடியது. நான் மறுபடியும் ஏட்டி ஆனேன்.

ராமின் இரண்டு பக்கமும் காது மாதிரி இரண்டு பிடிகள் இருக்கும். விரலால் லேசாக வெளியே தள்ளினால் அது தானே எழும்பிக்கொடுக்கும். அண்ணன் குளிக்கப் போன நேரம் தள்ளினேன். பத்து நிமிஷத்தில் "ஷீலா, ஷீலா" என்று வீடு முழுக்கச் சத்தம். வந்து தேய்த்து மாட்டினேன்.

எப்போதும் ராமையே தொட்டால் சந்தேகம் வரும் என்று சில நாள் ஹார்டு டிஸ்க் வயரைத் தளர்த்தினேன். சில நாள் உள்ளே இருக்கிற வட்ட பேட்டரியை எடுத்துவிட்டு வைத்தேன். அப்போது கம்ப்யூட்டர் தேதியை மறந்துவிடும். நான் எதையும் உடைக்கவில்லை, மேடம். எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்தேன். இதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஏன் இது இத்தனை தடவை கெடுகிறது என்று வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. என் கை பட்டால் சரியாகிறது என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. கைராசி என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் யோசிப்பதில்லை. பக்கத்து வீட்டு அப்ரீன் பானு அக்கா தன் மகனுக்கு முதல் சோறு ஊட்டக்கூட என்னைக் கூப்பிட்டாள்.

அண்ணனுக்குக் கம்பெனியில் இருந்து எச்சரிக்கை வந்தது. பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதான். எனக்குக் கேட்டது. நான் வருத்தப்பட்டேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். நான் வருத்தப்படவில்லை. என் பள்ளிக்கூடம் நின்றபோது அவன் அழவில்லை.

மாரிராஜ் அண்ணாச்சி ஒரு நாள் நேரிலேயே வந்தார். பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது தானா கழலாது தம்பி. காதத் தள்ளுனாத்தான் வரும். வீட்ல எலி இருக்கோ, ரெண்டு கால் எலி?"

"நம்ம வீட்ல எலி கெடையாது வே. பூனையே பட்டினி கெடக்கு" என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கிறபோது என்னைத்தான் பார்த்தார்.

அடுத்த வாரம் கம்பெனியே அண்ணனுக்கு ஒரு லேப்டாப் அனுப்பியது. நான்கு மூலையிலும் முத்திரை ஒட்டியது, திறக்க முடியாதது. பழைய பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் என் பெயரைச் சொல்ல எந்தக் காரணமும் இல்லாமல் போனது.

அம்மாவுக்கு வலிப்பு நின்று வெகுநாள் ஆகியிருந்தது. மாத்திரையை மட்டும் விடவே கூடாது என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லியிருந்தார். காலையும் ராத்திரியும் அவள் உள்ளங்கையில் மாத்திரைகளை வைப்பது நான்தான். அம்மா கண்ணை மூடி ஜெபம் செய்துவிட்டு விழுங்குவாள். என்ன மாத்திரை, எத்தனை என்று பார்க்க மாட்டாள். என் கையில் இருந்து வாங்குகிறபோது எதற்குப் பார்க்க வேண்டும்?

ஒரு நாள் ராத்திரி வலிப்பு மாத்திரையை மட்டும் என் கையிலேயே வைத்துக்கொண்டேன். மறுநாளும் வைத்துக்கொண்டேன். கொடியில் துணி காயப்போடும்போது அம்மா விழுந்தாள்.

தெருவே கூடிவிட்டது. ஒருத்தர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வந்தார், ஒருத்தர் காலைப் பிடித்து அமுக்கினார். "யாரும் பிடிக்காதீங்க, காத்து வர விடுங்க" என்று நான் சொன்னேன். நாலு பேர் முன்னால் அப்படிச் சத்தமாக நான் பேசியதே இல்லை. எல்லாரும் விலகினார்கள். அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயைத் துடைத்தேன். கண் திறந்ததும் "ஷீலா" என்றாள்.

"ஏட்டி, நீ நர்சுக்குப் படிச்சிருக்கணும்" என்றாள் அப்ரீன் பானு அக்கா.

"இவ மட்டும் இல்லேன்னா இன்னைக்கு ஞானபூரணம் இல்ல" என்றார் அப்பா, எல்லாருக்கும் கேட்கும்படி. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் போதகர் ஐயர் என் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினார்.

அன்றைக்கு ராத்திரி மாத்திரையைச் சரியாகக் கொடுத்தேன். கழற்றியதைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். அதில் நான் ஒழுங்கானவள். அப்புறம் கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் எடுத்தேன்.

"மாத்திரை போட்டும் வருதே மக்கா. ஆண்டவர் என்னைக் கூப்பிடுதாரோ?" என்று அம்மா என் மடியில் தலையை வைத்து அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். அதற்கு முன்னால் அம்மா என் மடியில் படுத்ததே கிடையாது. அந்தச் சாயங்காலத்தை நீங்கள் என்னிடம் இருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

எடுத்த மாத்திரைகளைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர்ப் பெட்டியைத் திறந்து அதற்குள் போட்டு வைத்தேன். என்னைத் தவிர அதை யார் திறக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

கடைசியாக நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அப்பா கடையில் இருந்தார். அண்ணன் நண்பனுடைய கல்யாணத்துக்கு வாசுதேவநல்லூர் போயிருந்தான், திரும்புகிற நேரம்தான். அம்மா அடுப்படியில் விழுந்தாள். வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அன்றைக்கு அடங்கவில்லை. ஒன்று முடியுமுன் அடுத்தது வந்தது. உதடு நீலமானது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆம்புலன்சுக்கு எந்த நம்பர் என்றும் தெரியும். போன் என் கையில்தான் இருந்தது.

நான் பக்கத்தில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒருத்தரும் இல்லையே. அண்ணனுடைய பைக் சத்தம் தெருமுனையில் கேட்ட பிறகுதான் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தேன். பிறகுதான் சத்தம் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, இந்த அம்மா மாத்திரையே சாப்பிடவில்லை என்றார்கள். பணம் தேவைப்பட்டதால் அண்ணன் பழைய கம்ப்யூட்டரை மாரிராஜ் அண்ணாச்சியிடம் விற்றான். கடையில் வைத்துப் பட்டனைத் தட்டியிருக்கிறார். கிளம்பவில்லை. திறந்து பார்த்தார். மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். அப்பா அதைப் பிரித்துப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் எப்போதுமே கேட்டதில்லை.

ஆமாம். கம்ப்யூட்டரைக் கெடுத்தது நான். மாத்திரையை எடுத்தது நான். அம்மா துடிக்கத் துடிக்க உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் பெயருக்காகவும் பாராட்டுக்காகவும் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. எனக்கு அம்மாதான் எல்லாம். அவள் இன்னும் கண் திறக்கவில்லை, இனித் திறப்பதும் சந்தேகம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். அவர்களுக்கு அவளைத் தெரியாது. எந்தப் பக்கம் படுக்க வைக்க வேண்டும், எப்போது தொட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை என்னை அவளிடம் கூட்டிப்போங்கள், எழுப்பிவிடுகிறேன்.

அப்போது அப்பாவையும் அண்ணனையும் வெளியே நிறுத்திவிடாதீர்கள், மேடம். உள்ளே வரச் சொல்லுங்கள். அவர்கள் பார்க்க வேண்டும்.