இடது குதிகால்

தனகோட்டி: இன்னொரு தபா தூக்கும்மா.

பவுனம்மாள்: தூக்கினுதான்டி இருக்கேன்.

தனகோட்டி: எங்க? பாய வுட்டு எழும்பவே இல்லியே.

பவுனம்மாள்: உனக்குத் தெரியல. எனக்கு உள்ள எழும்புது.

தனகோட்டி: உள்ள எழும்ப அது இன்னா... அடுப்புல வச்ச பாலா?

பவுனம்மாள்: பெத்தவ கால கையில வச்சினு கிண்டல் பண்ற. பினாங்கு ஆஸ்பத்திரியில சீனக்காரன் கால புடிச்சினும் இப்படித்தான் பேசுவியா?

தனகோட்டி: அங்க தூக்குன்னா தூக்குவாங்க.

பவுனம்மாள்: அவங்க யாரு, கோட்டப் பாறையில சுள்ளி பொறுக்கப் போயி வழுக்கி வுழுந்தவங்களா?

தனகோட்டி: இளம்பிள்ளை வாதம் வந்த புள்ளைங்க. உன்ன வுட கஷ்டம். பேச்ச மாத்தாத, தூக்கு.

பவுனம்மாள்: அம்மாடி... வலிக்குதுடி.

தனகோட்டி: எங்க?

பவுனம்மாள்: முட்டியில.

தனகோட்டி: காலையில தொடைன்ன.

பவுனம்மாள்: காலையில தொடை. இப்ப முட்டி. வலி இன்னா, ஒரே எடத்துல குந்தினு இருக்குமா?

தனகோட்டி: மாவுக்கட்டு பிரிச்சி ரெண்டு மாசம் ஆவுது. எலும்பு கூடிடுச்சின்னு விழுப்புரம் டாக்டரு சொல்லிட்டாரு. நானும் லீவு போட்டு வந்து தெனம் ரெண்டு வேளை பயிற்சி குடுக்கறேன். மணல் மூட்டை கட்டிப் பாத்தாச்சு, வென்னீர் ஒத்தடம்...

பவுனம்மாள்: எல்லாம் செஞ்ச, கண்ணு. நான் இன்னா கொறையா சொன்னேன்?

தனகோட்டி: வெள்ளிக்கிழமை கப்பலும்மா.

பவுனம்மாள்: தெரியும்.

தனகோட்டி: வியாழக்கிழமை காலையில திண்டிவனம் பஸ்ஸ புடிக்கணும். இந்த மாசக் கடைசிக்குள்ள நான் பினாங்குல போயி எறங்கலன்னா மிச்சம் இருக்கற விசாவும் செல்லாது. வேலை போயிடும்.

பவுனம்மாள்: அதுவும் தெரியும்.

தனகோட்டி: ...ஒண்ணு கேக்கவா? கோவிச்சிக்கக் கூடாது.

பவுனம்மாள்: கேளு.

தனகோட்டி: என் கை எங்க இருக்குது பாரு.

பவுனம்மாள்: என் காலுக்கு அடியில.

தனகோட்டி: எந்தக் காலு?

பவுனம்மாள்: இடது... அடியே, அடிபட்டது வலதுடி! இத்தினி நாளா நல்ல காலையா புடிச்சினு இருந்த?

தனகோட்டி: தெரிஞ்சிதான் வச்சிருக்கேன். படுத்துனு இருக்கறவங்க வலது கால நெசமாவே தூக்கப் பாத்தா, இடது குதிகாலு தன்னால கீழ அமுக்கும். வலது காலு எழும்புதோ இல்லியோ, இது அமுக்கும். யாரும் சொல்லித் தர வேணாம்.

பவுனம்மாள்: அதுக்கு இன்னா இப்ப?

தனகோட்டி: ஒரு வாரமா கைய வச்சிப் பாக்கறேன். பஞ்சு மாதிரி கெடக்குது.

பவுனம்மாள்: அடிப்பாவி...

தனகோட்டி: நீ தூக்கவே பாக்கலம்மா.

பவுனம்மாள்: மெதுவா பேசு. உங்க நைனா வெளியில மாட்டுக்குத் தவிடு கரைச்சினு இருக்காரு.

தனகோட்டி: நான் போவக் கூடாதுன்னா வாயத் தொறந்து சொல்லிடேன். இப்படிப் படுத்துக்கினு என்ன கட்டிப் போடணுமா?

பவுனம்மாள்: கட்டிப் போடறேனா? நானா?

தனகோட்டி: பின்ன?

பவுனம்மாள்: ஊரான் காலெல்லாம் பாக்கற. வூட்டுல நடக்கறது ஒண்ணும் உன் கண்ணுல படல.

தனகோட்டி: வூட்டுல இன்னா நடக்குது?

பவுனம்மாள்: உன் அத்த புள்ளை கோதண்டராமனுக்கும் உனக்கும் தட்டு மாத்தறதா பேச்சு.

தனகோட்டி: தெரியுமே. நீ எழுந்து நின்னதும் மாத்தலாம்னு நைனா சொன்னாரு. மாத்திட்டு நான் கப்பல் ஏறிடறேன். விசா இன்னும் ஒன்றரை வருஷம் இருக்குது. அது முடிஞ்சி வந்து கல்யாணம்...

பவுனம்மாள்: தட்டு மாத்தின பொண்ண கடல் தாண்டி அனுப்புவாங்களா? தையில கல்யாணம். கப்பல் டிக்கெட்ட திருப்பிக் குடுத்துடறதுன்னு உங்க நைனாவும் அத்தையும் பேசி முடிச்சிட்டாங்க. மாட்டுக் கொட்டாயில நின்னு பேசினாங்க. என் காதுல வுழுந்துது.

தனகோட்டி: ...என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.

பவுனம்மாள்: சொன்னா நீ இன்னா பண்ணுவ? மூலையில குந்தினு அழுவ. 'மாட்டேன்'னு சொல்லத் தெரியுமா உனக்கு? ஒரு பொய்யாவது சொல்ல வருமா? அதான் நான் உங்க நைனா கிட்ட வார்த்த வாங்கினேன். பெத்தவங்க ரெண்டு பேரும் ஜோடியா நின்னுதான் தட்டு மாத்தணும். கப்பல் கெளம்பறதுக்குள்ள என்னால நிக்க முடியலன்னா, புள்ளை போவட்டும்னு கேட்டேன். சரின்னாரு. சொன்ன சொல்ல மாத்த மாட்டாரு அந்த மனுஷன்.

தனகோட்டி: அம்மா...

பவுனம்மாள்: நான் நின்னா கப்பல் உன்ன வுட்டுட்டுப் போயிடும்டி.

தனகோட்டி: அப்ப... நெசமாவே உன்னால நிக்க முடியுமா?

பவுனம்மாள்: நிக்கவா? நீ செட்டிக்குளத்துக்குக் குளிக்கப் போயிருந்தப்போ உறியில இருந்த தயிர எடுத்து சாப்ட்டது யாருன்னு நெனச்ச?

தனகோட்டி: பூனைய அடிச்சேனேம்மா!

பவுனம்மாள்: பாவம் அது. இன்னா தனம், சிரிக்கிறியா அழுவறியா?

தனகோட்டி: தெரியல. நான் போயிட்டா உனக்கு ஒண்ணுமில்லியா?

பவுனம்மாள்: இல்லாம இருக்குமா? நடக்கலாம்னு அந்த டாக்டரு சொன்னப்போ நான் நம்பல. நீ வந்து மொத நாளு தொட்டுப் பாத்துட்டு சொன்ன பாரு, 'நடந்துடுவம்மா'ன்னு... அப்ப நம்பினேன். அத நாலு பேருக்குப் போயி சொல்லு. நீ கப்பல் ஏறின மறுநாளு நான் ராஜகிரி மலையே ஏறிக் காட்டறேன்.

தனகோட்டி: ராஜகிரி வேணாம். மொதல்ல வாசப்படி ஏறு.

பவுனம்மாள்: ஷ்... வண்டிச் சத்தம். அனந்தபுரத்து மாடு. உன் அத்ததான். போத்து, போத்து, கால போத்து!

குஞ்சம்மாள்: அண்ணி! காலு எப்படி இருக்குது?

பவுனம்மாள்: இருக்குது குஞ்சு. வச்ச எடத்துலயே இருக்குது.

குஞ்சம்மாள்: அப்படி சொல்லாத. மண்டகப்பட்டு சோசியரு புதங்கிழமை நல்ல நாளுன்னுட்டாரு. நாளன்னிக்கு. தட்டு கை மாறற நேரம் நின்னா போதும். ஆளுக்கொரு பக்கம் புடிச்சிக்கறோம்.

பவுனம்மாள்: புடிச்சி நிறுத்தினா உங்க அண்ணன் ஒத்துக்க மாட்டாரு. தானா நிக்கணும்.

குஞ்சம்மாள்: ஏய் தனம், படிச்சவ நீ சொல்லு. உங்கம்மாவால நிக்க முடியுமா, முடியாதா?

தனகோட்டி: காலுக்கு... இன்னும் பலம் வரணும் அத்த.

குஞ்சம்மாள்: நான் கேட்டது அது இல்ல.

பவுனம்மாள்: வந்ததும் வராததுமா புள்ளைய ஏன் மெரட்டுற? குந்து. மோரு குடிக்கறியா?

குஞ்சம்மாள்: மோரு கெடக்கட்டும். இவ மூஞ்சி ஏன் இப்படி செவந்திருக்குது?

தனகோட்டி: வெயிலு அத்த.

குஞ்சம்மாள்: வூட்டுக்குள்ளயா? ...ஏன்டி, என் வூட்டுக்கு வர உனக்கு இஷ்டம் இல்லியா? என் புள்ளை இன்னா கொறைஞ்சிட்டான்?

தனகோட்டி: மாமா நல்லவரு அத்த. அது இல்ல...

குஞ்சம்மாள்: பின்ன? அந்த மலேயாவுல... இல்ல, இப்ப மலேசியாவாமே, பேரையே மாத்திக்கறாங்க... அங்க அப்படி இன்னா இருக்குது? கால் புடிச்சி வுடற வேலைதானே? புடிக்க இங்க என் காலு இல்லியா?

தனகோட்டி: புடிச்சி வுடறது இல்ல அத்த. நடக்க வக்கறது.

குஞ்சம்மாள்: யார?

தனகோட்டி: மெய்லிங்னு ஒரு பொண்ணு. ஆறு வயசு. ரெண்டு காலும் வராது. ரெண்டு பக்கமும் இரும்புக் கம்பி வச்ச பூட்சு மாட்டித்தான் நிறுத்தணும். நான் கெளம்பற சமயத்துலதான் கைய வுட்டுட்டு நிக்கக் கத்துக்கினு இருந்துது.

குஞ்சம்மாள்: அப்புறம்?

தனகோட்டி: நான் ஊருக்குப் போறேன்னதும் பூட்ச கழட்டிட்டுது. நீ வர்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்னுட்டுது.

குஞ்சம்மாள்: எந்த பாஷையில சொல்லிச்சி?

தனகோட்டி: அது சீனத்துல பேசும். நான் தமிழ்ல பேசுவேன். காலுக்குப் புரியும்.

குஞ்சம்மாள்: ...இன்னும் எழுந்திருக்கலியா அது?

தனகோட்டி: இல்லியாம். யாரு கூப்ட்டாலும் மாட்டேங்குதாம்.

குஞ்சம்மாள்: புடிவாதக் கழுத.

பவுனம்மாள்: பொம்பளப் புள்ளைக்குக் கொஞ்சம் புடிவாதம் வேணும்.

குஞ்சம்மாள்: நீ சும்மா இரு அண்ணி. தனம், கல்யாணம் பண்ணிக்கினு அடுத்த வருஷம் போயேன். கேட்டா திரும்ப விசா குடுக்க மாட்டானா?

தனகோட்டி: மாட்டாங்க அத்த. இத வுட்டா வேற ஆள வச்சிடுவாங்க.

குஞ்சம்மாள்: அப்புறம் எப்பவுமே கெடைக்காதா?

தனகோட்டி: எப்பவுமேதான்.

குஞ்சம்மாள்: ...உங்க நைனா இத சொல்லலியே. எப்ப வேணும்னாலும் போய்க்கலாம்னாரு.

தனகோட்டி: நைனாவுக்குத் தெரியாது. நான் சொல்லல.

குஞ்சம்மாள்: ஏன்டி சொல்லல?

தனகோட்டி: யாரும் கேக்கல அத்த.

பவுனம்மாள்: குஞ்சு, உங்க அண்ணன் கூப்புடறாரு பாரு.

குஞ்சம்மாள்: கேட்டுது. அண்ணே, இரு! பாத்துட்டு சொல்றேன்! ...புதங்கிழமைக்கு ஜனங்களுக்கு சொல்லி அனுப்பலாமான்னு கேக்கறாரு.

பவுனம்மாள்: நீ இன்னா சொல்லப் போற?

குஞ்சம்மாள்: நெசம் எதுவோ அதத்தான். ஏய் தனம், ஒருத்தர் நெசமா கால தூக்கப் பாக்கறாங்களா, பாசாங்கு பண்றாங்களான்னு உனக்குக் கண்டுபுடிக்கத் தெரியுமா?

தனகோட்டி: ...தெரியும்.

பவுனம்மாள்: தனம்!

குஞ்சம்மாள்: எப்படி?

தனகோட்டி: நல்ல காலோட குதிகாலுக்கு அடியில கைய வக்கணும். நெசமா தூக்கப் பாத்தா அது கீழ அமுக்கும்.

குஞ்சம்மாள்: பாசாங்குன்னா?

தனகோட்டி: அமுக்காது.

பவுனம்மாள்: உன்ன பெத்ததுக்கு நான்...

குஞ்சம்மாள்: நவுரு. நான் பாக்கறேன்.

தனகோட்டி: அத்த, நானே பாத்து...

குஞ்சம்மாள்: நீ அந்தாண்ட போ. ஜன்னலாண்ட நின்னு வெளியில பாரு. நீ கண்ணால எதுனா சாடை காட்டுவ.

தனகோட்டி: மாட்டேன் அத்த.

குஞ்சம்மாள்: போடி. ம்... அண்ணி, வலது கால தூக்கு.

பவுனம்மாள்: தூக்கறேன்.

குஞ்சம்மாள்: தூக்கு.

பவுனம்மாள்: தூக்கினுதான் இருக்கேன் குஞ்சு...

குஞ்சம்மாள்: ...

பவுனம்மாள்: குஞ்சு?

குஞ்சம்மாள்: ...

தனகோட்டி: நான் திரும்பவா அத்த?

குஞ்சம்மாள்: திரும்பாத!

பவுனம்மாள்: அய்யோ! அய்யய்யோ... அம்மா!

குஞ்சம்மாள்: அண்ணே! காதுல வுழுந்துதா? உயிரு போவுது அண்ணிக்கு! குதிகாலு என் கையப் போட்டு அந்த அமுக்கு அமுக்குது, காலு மட்டும் எழும்பல. பாசாங்கு இல்லண்ணே. இந்த வாரம் நிக்காது. யாருக்கும் சொல்லி அனுப்பாத!

தனகோட்டி: அத்த...

குஞ்சம்மாள்: அழுவாத. மூக்க தொடை. ஒன்றரை வருஷம்னா?

தனகோட்டி: ஆமா.

குஞ்சம்மாள்: கோதண்டராமன் காத்துனு இருப்பானா மாட்டானான்னு நான் இப்ப சொல்ல முடியாது. அவன கேக்கணும். அவனையும் இதுவரைக்கும் யாரும் கேக்கல.

தனகோட்டி: சரி அத்த.

குஞ்சம்மாள்: நீ போயிட்டா அண்ணி கால யாரு பாக்கறதுன்னு உங்க நைனா கெளப்புவாரு. நான் பத்து நாளு இங்கயே இருக்கேன். இன்னா இன்னா செய்யணும்னு எனக்குக் காட்டிக் குடு.

பவுனம்மாள்: நீயா? என் காலையா?

குஞ்சம்மாள்: ஏன், நான் தொட்டா கசக்குதா? பேசாம படு. அண்ணன சமாதானம் பண்ணிட்டு வர்றேன்.

தனகோட்டி: ...போயிட்டாங்க. அம்மா! நல்லவேளை, நான் சொன்னத மறக்காம அமுக்கிட்ட.

பவுனம்மாள்: எங்கடி அமுக்கினேன்? பயத்துல எது வலது எது இடதுன்னே தெரியல. மரக்கட்டை மாதிரி கெடந்தேன்.

தனகோட்டி: அத்த அமுக்குதுன்னு சொன்னாங்களே?

பவுனம்மாள்: சொன்னா.

தனகோட்டி: நீ வேற அய்யோன்னு கத்தினியே. நெசமாவே வலிச்ச மாதிரி இருந்துது.

பவுனம்மாள்: வலிக்காம? செவந்து போயிருக்குது பாரு, உன் அத்தையோட நகம். கிள்ளிட்டு காதாண்ட குனிஞ்சி சொல்றா... 'நல்லா கத்து அண்ணி, அண்ணனுக்குக் கேக்கட்டும்'னு.