சத்தமில்லாத பேஸ் கிட்டார்

"ரெண்டு மணி நேரம் சத்தமே வராம வாசிச்சேனுங்க" என்று முன் இருக்கையில் ஒருவர் சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டேன். கோபியிலிருந்து கோவை வரும் பேருந்து. பேசிய இருவரும் பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள்.

"ஏனுங்க, என்னாச்சு?"

"கச்சேரி பாதியில, புதுசா வாங்கி காலடியில வெச்சிருந்த மூணு பெடலும் வேலை செய்யாமப் போயி, கிட்டார் சத்தமே நின்னுபோச்சுங்க. மானம் போயிருமுன்னு தலையை ஆட்டிட்டே சமாளிச்சுப்போட்டேன்."

"பாடறவரு கண்டுபிடிக்கலீங்களா?"

"'இன்னிக்கு பேஸ் அருமை'ன்னு கைகுடுத்தாருங்க."

"ஒருத்தருக்குமா தெரியலை?"

"முன்வரிசையில இருந்த ஒருத்தர் மட்டும் வந்து, 'பாதியில ஏனுங்க நிறுத்திப்போட்டீங்க?'ன்னு கேட்டாருங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு."

"நல்ல ஞானஸ்தருங்க!"

"அவருக்குக் காது கேக்காதுங்க. நாற்காலி அதிர்றதை வெச்சுத்தான் கச்சேரியை ரசிப்பாராம்."