சாம்பிளுக்குப் போட்ட பேர்

— அழிச்சேன் பிரின்ஸி. சத்தியமா நேத்து சாயங்காலமே அழிச்சேன்.

— அழிச்ச பேர எப்படிப்பா காலப் பூசையில வாசிச்சாங்க? நன்மை அப்பம் குடுத்து முடிச்சதும் புதுச் சாமியார் தாள எடுத்தாரு. திருமண ஓலை, மூணுல முதல் அறிவிப்புன்னாரு. அருள்ஜோதின்னு ஒன் பேரு. அடுத்தது என் பேரு. மாதாவே, பாட்டுக் குழுவுல நின்ன எனக்குக் காது அடைச்சிருச்சு. அதுக்கப்புறம் என்ன வாசிச்சாருன்னே தெரியல.

— யாரும் சிரிக்கலையா?

— யாரு சிரிப்பா? ஆர்மோனியம் வாசிக்கிற அண்ணன் மட்டும் சுருதிய விட்டுட்டாரு.

— சரி, பதறாத. சிம்பிள். இந்தக் கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டரப் போடு. எட்டரை பூசைக்கு முன்னாடி அந்த வரிசையத் தூக்கிட்டு வேற தாள் பிரிண்ட் எடுத்துரலாம்.

— எதுக்கெடுத்தாலும் சிம்பிள்! ஓலை எழுதி வைக்க கம்ப்யூட்டர்ல ஒரு டேபிள் போட்டுக் குடுன்னு சாமியார் கேட்டப்பவும் 'சிம்பிள் ஃபாதர்'னு நெஞ்ச நிமித்துன. மாப்பிள்ளைக்கு ஒரு கட்டம், பொண்ணுக்கு ஒரு கட்டம், ரெண்டு அப்பாவுக்கும் ஆளுக்கொரு கட்டம். அவ்வளவுதான அவரு கேட்டது?

— கேக்க அவ்வளவுதான். ஆனா நான் புரோகிராம் எழுதுற விஷுவல் பேசிக்ல குடுக்கிற டேபிள் வெறுமனே காட்டும், உள்ள அடிக்க விடாது. அதனால நான் ஒரு வித்த பண்ணேன். கட்டத்தக் கிளிக் பண்ணா அதே அளவுல ஒரு பெட்டி மேல வந்து உக்காரும். பேர அதுல அடிக்கணும். என்டர் தட்டுனா பேரு கீழ கட்டத்துக்குள்ள எறங்கிரும்.

— எறங்குனது எறங்கிருச்சு. ஏறலையே!

— அங்கதான் கோட்ட விட்டேன். நேத்து மேல இருந்த பெட்டியிலதான் பேர அழிச்சிருக்கேன். கரண்டு போயிருமோன்னு அவசரத்துல என்டர் தட்டாமலே மூடிட்டேன். மேல அழிஞ்சிருக்கு. கீழ ரெண்டு பேரும் அப்படியே இருந்திருக்காங்க.

— கரண்டு மேல பழி போடாத. சாம்பிளுக்குப் போட ஊர்ல வேற பேரே கெடைக்கலையா? பால்காரம்மா பொன்னுத்தாய் பேரப் போட்டிருக்கலாமில்ல?

— பால்காரம்மாவுக்கும் எனக்கும் ஓலையா?

— மாப்பிள்ளை கட்டத்துல ஒன் பேரு எதுக்குங்கிறேன்? அதுக்கும் எவன் பேரையாவது போடுறது.

— போட்டேன். ஒன் பேரு பக்கத்துல இன்னொருத்தன் பேரு நின்னுச்சு. பாக்கப் புடிக்கல. மாத்திட்டேன்.

— ஓ.

— ஓ இல்ல. முட்டாள்தனம்னு சொல்லு.

— சொல்றேன், அவசரமில்ல. தாள பிரிண்ட் எடுத்தது எங்கப்பா. பொத்தானக் காட்டிக் குடுத்தியே, அதுல இருந்து சனிக்கெழம பிரிண்ட் எடுக்க வேற யாரையும் விடுறதில்ல. மூக்குக் கண்ணாடி இல்லாம எடுத்து, பாக்காமலே சாமியார் கையில குடுத்திருப்பாரு.

— இப்ப எங்க இருக்காரு?

— பூசை முடிஞ்சு, சாமியார் உடுப்பு மாத்துற சக்கிரீஸ்து அறைக்குள்ள போனவரு வெளியவே வரல. சத்தம் போட்டாலாவது கோவம்னு தெரியும். இந்த நேரம் பாத்து வேளாங்கண்ணியில இருந்து பொண்ணு பாக்க வேற வர்றாங்க. லாட்ஜு வச்சிருக்கிற குடும்பம்.

— எப்ப?

— வர்ற வாரம். நீ சிங்கப்பூர்ல எறங்கிருப்ப.

— முந்தாநாள்கூட சொல்லலையே.

— நீ கேட்டியா? டேபிள் டேபிள்னு தெனம் வந்து உக்காந்த. கோடு சரியா வருதான்னு கேட்ட, கலர் நல்லாருக்கான்னு கேட்ட. வியாழக்கெழம பிளைன் ஏறப் போறவன், கேக்க வேண்டியத மட்டும் கேக்கல.

— என்னத்தக் கேக்கிறது பிரின்ஸி? ஒங்க தெருவுக்கும் எங்க தெருவுக்கும் நடுவுல ஒரு வாய்க்காதான். இத்தன வருசத்துல அதத் தாண்டி ஒரு ஓலை வந்திருக்கா? சாமி ஒண்ணு, கோயில் ஒண்ணு, ஆனா எங்கப்பா இன்னமும் ஒங்க தெருவுக்குள்ள நொழைஞ்சா சைக்கிள விட்டு எறங்கித் தள்ளிக்கிட்டுதான் வர்றாரு. ஒங்கப்பா வேற கோயில் உபதேசியார். எனக்குச் சிங்கப்பூருக்கு விசா குடுத்துட்டாங்க. இந்த வாய்க்காலத் தாண்ட யாரு குடுப்பா?

— அதான் என்கிட்ட சொல்லாம கம்ப்யூட்டர்கிட்ட சொன்னியா? அது சாமியார்கிட்ட சொல்லிருச்சு, சாமியார் ஊருக்கே சொல்லிட்டாரு.

— முன்னாடியே கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?

— இப்பக் கேளு, சொல்றேன்.

— பிரின்ஸி... அந்த வரிசையத் தூக்கவா, இருக்கட்டுமா?

— மாதாவே, இப்படியும் ஒருத்தன் கேப்பானா!

— எனக்கு இப்படித்தான் வருது.

— இருக்கட்டும். தூக்காத.

— நெசமாவா?

— நெசமா. அப்பாகிட்ட நானே பேசுறேன். நீயும் கூட வரணும், வாசல்ல நின்னுறக் கூடாது.

— வர்றேன். ஒங்கப்பா மொகத்தப் பாத்துப் பேசணும்னாதான் பயமா இருக்கு.

— எனக்கு மட்டும் எப்படி இருக்காம்? கம்ப்யூட்டர் ஆன் ஆயிருச்சு பாரு. அந்த டேபிளத் தொற. என் பேரு எப்படி இருக்குன்னு ஒருக்காப் பாத்துட்டு வர்றேன்.

— இரு. என்ன இது? நாலு கட்டமும் நெறஞ்சிருக்கு.

— அதனால என்ன?

— நான் அடிச்சது ரெண்டு பேரு. பொண்ணு அப்பா கட்டத்துல 'திரு. அடைக்கலராஜ்'னு இருக்கு. மாப்பிள்ளை அப்பா கட்டத்துல பாரு, 'திரு. சவரிமு'ன்னு இருக்கு. சவரிமுத்துன்னு அடிச்சிருக்காங்க, மிச்சம் கட்டத்துல கொள்ளல. விளையாடாத பிரின்ஸி. நீதான?

— நான் நேத்து இந்தப் பக்கமே வரல. நீதான் அடிச்சுட்டு மறந்திருப்ப.

— எங்கப்பாவுக்குத் திரு போடணும்னு எனக்கே தோணியிருக்காது. இந்த ஊர்ல அவருக்கு யாரு திரு போடுவா?

— என்ன பாப்பா, கம்ப்யூட்டரப் போட்டாச்சா? தம்பியும் இங்கதான் இருக்காப்புலயா? ரொம்ப நல்லது.

— அப்பா! நானே ஒங்களத் தேடி வரலாம்னு...

— ஐயா, தப்பு என் மேலதாங்க ஐயா. சாம்பிளுக்குன்னு அடிச்சது, என்டர் தட்டாம...

— இருப்பா, நான் சொல்லிக்கிறேன். நேத்து தாள் எடுக்க வந்தேன். கண்ணாடி போட்டுக்கிட்டுதான் வந்தேன் பாப்பா, ஒங்கப்பன் குருடன் இல்ல. ரெண்டு பேரு இருந்துச்சு, பெத்தவன் பேரு இல்ல. வந்த கோவத்துக்கு அழிக்கணும்னுதான் கட்டத்த அமுக்குனேன். பெட்டி வந்து உக்காந்துச்சு.

— அப்புறம்?

— அப்புறம் நானும் உக்காந்துட்டேன். தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கவும்னு எத்தன ஓலைக்கு நானே அடியில எழுதிக் குடுத்திருக்கேன். இந்த ஓலைக்குத் தடைன்னு எழுதணும்னா என் பேரத்தான் எழுதணும். வேற யாரு இருக்கா? எழுதுறதுதான் எழுதுறோம், அப்பன் கட்டத்துலயே எழுதிருவோம்னு தோணுச்சு. வேளாங்கண்ணிக்காரங்களுக்கும் போன் போட்டு வர வேணாம்னுட்டேன்.

— என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேப்பா.

— கேக்காதது தப்புதான். அதான் பூசை முடிஞ்சதும் சக்கிரீஸ்து பின்வாசல் வழியா இந்த ஜன்னலுக்கு வெளிய வந்து நின்னேன். தூக்காதன்னு நீ சொன்னப்புறம்தான் உள்ள வந்தேன்.

— ஐயா... எங்கப்பா பேருக்கு முன்னாடி திரு போட்டதும் நீங்களாங்க?

— வேற யாரு? வேலையப் பாரு. வியாழக்கெழம பிளைன் ஏறுறதுக்குள்ள அந்தக் கட்டத்தக் கொஞ்சம் அகலமாக்கிக் குடுத்துட்டுப் போ மாப்பிள்ள, ரெண்டாவது ஓலையிலயாவது எங்க சம்பந்தி பேரு முழுசா விழணும்.