கையெழுத்தைக் காகிதத்துக்குள் கட்டிப்போட்டவருக்கு

அன்பும் அதட்டலும் அளவாய்க் கலந்த அம்மையீர்! கண்டிப்பிலும் கனிவு குன்றாத கண்காணிப்பாளரே! பூவம் முதல் போலகம் வரை, மனுவோடு வந்த மக்களை வாசலில் காக்கவைக்காத மாண்பே! திருமலைராயன்பட்டினம் தந்த மெஹர் பானு அவர்களே! பணி ஓய்வு பெறும் உங்களை வாழ்த்த வந்திருக்கிறோம், வயிற்றெரிச்சலோடு வந்திருக்கிறோம். "சபையில அப்படியா எழுதுவாங்க? பொறாமைன்னு மாத்துங்க சார்" என்றார் தட்டச்சர் நஜீபா. மாற்றவில்லை.

நீங்கள் வருமுன் இவ்வலுவலகக் கணினிகளின் காவலன், இம்மடலை எழுதும் எழுத்தர் அகரன். கணினி வேறேதோ தாளளவை நினைத்திருக்க, நாம் ஏ-ஃபோர் தாளை வைக்க, எந்தச் சான்றிதழ் அடித்தாலும் அதிகாரி கையெழுத்திடும் வரி அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். "அகரன் சார், கையெழுத்து ஓடிப்போச்சு, செத்த வாங்க!" என்று நாற்புறமும் குரல் எழும். மெல்ல எழுந்து, ஒரு தட்டுத் தட்டி, ஓடியதைப் பிடித்து வருவேன். அடடா, அந்த நடைக்கென்றே ஒரு மிடுக்கு! தேநீர் தேடி வரும். சில நாள் சமோசாவும் வரும்.

வந்தீர்கள் அம்மையீர்! "தெனமும் ஏன் இதையே சரி பண்றீங்க? டீஃபால்ட்லயே மாத்தி வச்சிட்டா என்னங்க?" என்றீர்கள். கணினி கணினியாக அமர்ந்து, எப்போதும் ஏ-ஃபோர் அளவே வரும்படி மாற்றினீர்கள். திறந்ததும் தமிழ் எழுத்துரு வரச் செய்தீர்கள். மின்சாரம் போனாலும் அடித்தது அழியாமல் தானே சேமிக்க வைத்தீர்கள். செல்லையன் என்பவரின் கதவு எண் 3-5, அடித்தவுடன் மே மூன்றாம் தேதியாக மாறிய கூத்தும் ஒழிந்தது. "மெஷினுக்கே மேடம்னா பயம்ங்க" என்று ஆவணக் காப்பாளர் நூகு பாய் ஊரெல்லாம் சொன்னார். என்னை யாரும் கூப்பிடவில்லை. எரிந்தது அம்மையீர், நன்றாகவே எரிந்தது!

சென்ற வாரம் புதுக் கணினிகள் வந்தன. பழைய குணத்தோடே வந்தன. உங்களுக்கு ஓய்வு, எனக்கு மறுபடியும் அரியணை என்று மனம் துள்ளியது. இம்மடலின் முதல் படியை அவற்றில் ஒன்றில்தான் அடித்தோம். வாழ்த்தெல்லாம் ஒரு பக்கத்தில் நிற்க, எங்கள் கையொப்ப வரி மறுபக்கத்துக்கு ஓடியது. கண்ணாடிச் சட்டமோ ஒரு தாளுக்குத்தான் வாங்கியிருந்தோம். "மேடத்தைக் கூப்பிடுங்க!" என்று கத்தினார் நஜீபா. பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன்!

நீங்கள் ஓய்வூதிய வேலையாக வெளியே போயிருந்தீர்கள். எல்லாரும் சாப்பிடச் சென்றார்கள். இம்மடலை மட்டும் சரிசெய்திருந்தால் நாளை மறுபடி "சார், சார்" என்று அழைத்திருப்பார்கள். உங்கள் பழைய கேள்வி காதைக் குடைந்தது. பாழாய்ப்போன கேள்வி! எல்லாக் கணினியிலும் டீஃபால்ட்டையே மாற்றிவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தால், "பாத்தீங்களா, போற போக்குலயும் மேடம் செட் பண்ணிட்டுப் போயிட்டாங்க!" என்று நூகு பாய் உருகுகிறார். நஜீபா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

ஆதலின், ஆன்றோரும் அலுவலரும் கூடிய இவ்வவையில் அறிவிக்கிறோம்: புதுக் கணினிகளைச் சரிசெய்தவன் அகரன். சட்டமிட்ட பின் இதை எவரும் திருத்த இயலாது. உங்கள் வீட்டுக் கூடத்தில், வருவோர் போவோர் படிக்கும் உயரத்தில், இது தொங்கட்டும்! நோயும் நோவும் நெருங்காமல், பேரப்பிள்ளைகள் புடைசூழ, நீங்கள் நெடுங்காலம் வாழ்ந்து, நாள்தோறும் இதைப் படிக்க வேண்டும்!

இதே பக்கத்தில் அடங்கிய,
அலுவலகப் பணியாளர்கள்,
காரைக்கால்.