வலது தோள் ரெண்டு இஞ்ச் கீழே

— கையை எடு தம்பி. அது என் கோட்டு.

— மேடம், தயவுசெஞ்சு தொடாதீங்க. அது காட்சிக்கு மாட்டினது.

— திருட்டுப் பொருளைக் கம்பியில மாட்டிட்டா காட்சியா? இந்தா, வார இதழ்ல போட்டிருக்கான் பாரு. "புதுமை விரும்பும் ஆண்கள் தவறவிடக் கூடாத ஐந்து கடைகள்." நடுவுல படம் போட்டிருக்கான், இதே கோட்டு. எந்தக் கடைன்னு மட்டும் போடல. காலையில இருந்து அஞ்சுலயும் ஏறி இறங்கிட்டேன்.

— அதாவது மேடம், அதை வேணும்னேதான் போடல. தேடி வர்றவங்களுக்குத்தான் மதிப்பு தெரியும்னு...

— தேடினேன்யா! முதல் கடை, கார் நிறுத்துற கட்டடத்துல மூணாவது மாடி. போர்டே கிடையாது. ரெண்டாவதுல மணியடிச்சா, யாரு அனுப்புனான்னு கேக்கறான். மூணாவதுல மொத்தம் நாலே சட்டை. நாலும் கறுப்பு. லைட்டைப் போடுடான்னா இருட்டுலதான் பாக்கணும்ங்கறான். நாலாவதுல, தரை துடைக்க வந்தவள்னு நினைச்சு என் கையில பக்கெட்டைக் கொடுத்துட்டாங்க. இங்க என்னடான்னா உக்கார ஒரு நாற்காலி இல்ல. ஒரு ஹாலு, ஒரு கம்பி, ஒரு கோட்டு. இதுக்குப் பேரு கடையா?

— வெறுமையும் ஒரு அழகுதானே மேடம்.

— வெறுமை என் கடையில வந்து பாரு. அலமாரி பூரா துணி அடுக்கி இருந்தது, ஒருத்தனுக்கே தைச்சுத் தைச்சு இப்ப வெறுமையா கிடக்கு. நான் வேலை உடுப்பு தைக்கறவ. வெல்டர், உலைக்காரன், கசாப்புக் கடைக்காரன்னு எல்லாரும் என்கிட்டதான் வரணும். அந்தக் கோட்டைக் கீழ இறக்கு. திங்கட்கிழமை காலையில ஆறு மணி ஷிப்டுக்கு ஒருத்தன் அதைப் போட்டுக்கிட்டு உலை முன்னாடி நிக்கணும்.

— எந்த உலை?

— கண்ணாடி உலை. கோட்டு இல்லாம வந்தா உள்ள விடமாட்டேன்னு மேஸ்திரி சொல்லிட்டானாம். இது கடைசி எச்சரிக்கை. திங்கட்கிழமை இவன் கோட்டோட நிக்கலைன்னா வேலை போச்சு. புரியுதா?

— மேடம், நீங்க வேற ஏதோ கோட்டோட குழப்பிக்கறீங்க. இது அந்த மாதிரி வேலைக்காரங்க போடறது இல்ல. அந்தத் தையலைப் பாருங்க. எல்லாம் வெளிப்பக்கம். உடைக்குள்ள ஒளிஞ்சிருக்கற உழைப்பை வெளிய கொண்டுவர்ற ஒரு தைரியம்...

— தைரியமா! அவனுக்கு முதுகு பூரா வெந்து போச்சுடா! தையல் உள்ள இருந்தா புதுத்தோலு உரசி உரசி ரத்தம் வரும். அதுக்காக வெளிய தைச்சேன்.

— ...சரி. இடது கை முழங்கையோட நிக்குதே, வலது கை விரல் நுனி வரைக்கும் வருதே. சமச்சீரை மறுக்கற...

— இடது கையைத் தண்ணி வாளிக்குள்ள முக்கி முக்கி எடுக்கணும். துணி நனைஞ்சா உலைச் சூட்டுல ஆவியாகி அந்தக் கையும் வேகும். யாருடா மறுத்தா?

— பட்டனே இல்லாம ஒரே ஒரு கயிறு?

— தீப்பிடிச்சா ஒரே இழுப்புல கழண்டு விழணும். போன தடவை பட்டனைத் தேடித்தான் வெந்தான்.

— முதுகுல வெள்ளையா கிறுக்கின எழுத்து. அது டிசைனரோட கையெழுத்துன்னு...

— என் சாக்பீஸுடா அது! ஏழரைன்னு அளவு எழுதி வச்சேன். ஒரு தடவை துவைச்சா போயிரும்.

— துவைக்கக் கூடாதுன்னு அட்டை போட்டு வச்சிருக்கோம் மேடம்.

— அடக் கடவுளே. அது சரி, நீ ஏன் சுளுக்குப் பிடிச்சவன் மாதிரி வலது தோளைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கற?

— அப்படி நின்னாத்தான் கோட்டு சரியா விழுது. வாங்கறவங்களுக்கும் கண்ணாடி முன்னாடி நிக்க வச்சு சொல்லிக் கொடுப்போம். வலது தோள் ரெண்டு இஞ்ச் கீழே. ஒரு வாரத்துல பழகிரும்.

— கொஞ்சம் திரும்பு. திரும்புடா! இது ரெண்டாவது கோட்டு. நீ போட்டிருக்கறது அவனோட ரெண்டாவது கோட்டு! வெந்த தோலு இழுத்து அவனுக்கு வலது தோள் ரெண்டு இஞ்ச் இறங்கிப் போச்சு, அந்த அளவுக்கு வெட்டினது. கயிறு முடிச்சுல சிவப்பு நூல் இருக்கு பாரு, அது ரெண்டாவதுக்கு நான் போட்ட அடையாளம். முதல் கோட்டு பஸ்ல போச்சுன்னு வந்து நின்னான். தைச்சுக் கொடுத்தேன். ரெண்டாவது, குளிக்கற இடத்துல எவனோ எடுத்துட்டான்னான். தைச்சேன். மூணாவதும் போச்சுன்னான். கம்பியில தொங்கறது நாலாவது! துணிக்கு ஒரு பைசா வாங்கலைடா அவன்கிட்ட. வெந்து கிடந்தவன்கிட்ட எந்தக் கையால வாங்குவேன்? அவன் பின்னாடியே ஒரு திருடன் சுத்தறான், அவன் கொண்டுவந்து போடறதை நீங்க கம்பியில மாட்டி விக்கறீங்க. யாரு அவன்? பேரைச் சொல்லு. போலீஸோட வர்றேன்.

— திருடன் எல்லாம் இல்ல மேடம். எங்க டிசைனரே நேர்ல கொண்டுவந்து தர்றாரு. பழைய பேப்பர்ல சுத்தி.

— டிசைனரா? வரச் சொல்லு அந்த மகராசனை. பென்சில் புடிச்ச கையா, ஊசி புடிச்ச கையான்னு பாக்கறேன்.

— அவர் யாரையும் பாக்கமாட்டாரு. போட்டோ எடுக்க விடமாட்டாரு. எந்நேரமும் வலது கையில கையுறை. வெயில் கொளுத்தினாலும் கழுத்துல துணி. அவரோட ஸ்டைலே அதுதான்.

— ...வலது கையிலயா?

— ஆமா. டீ கொடுத்தா இடது கையில வாங்கி, ஒரு ஓரமா வச்சு, ஜில்லுனு ஆனதுக்கு அப்புறம்தான் குடிப்பாரு. சூடுன்னாலே ஆகாது.

— ஆளு... நெட்டையா இருப்பானா?

— நல்ல உயரம். வாசல்ல குனிஞ்சுதான் வருவாரு. மூணு மாசமா தினமும் காலையில நாங்க திறக்கறதுக்கு முன்னாடியே வந்து படியில உக்காந்திருப்பாரு. கையில மூணு அடுக்கு டிபன் பாக்ஸ். போன வாரம் ஒரு கஸ்டமர் அதையும் விலை கேட்டாரு.

— நெட்டை... எங்க நெட்டையா! தம்பி, அவன் என் மாடியில குடியிருக்கறவன். தினமும் அந்த டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு, "ஷிப்டுக்குப் போறேன்க்கா"ன்னு என் கண்ணு முன்னாடிதான் படியிறங்கறான்!

— அக்காவா? நீங்கதான் அந்த அக்காவா? அடுத்த கோட்டு எப்ப வரும்னு கேட்டா, "அக்கா தைக்கணுமே"ன்னு மட்டும் சொல்வாரு. நாங்க ஏதோ பெரிய பட்டறையோட பேருன்னு நினைச்சோம்.

— பட்டறையாம் பட்டறை! அப்ப உலை? மேஸ்திரி? திங்கட்கிழமை?

— திங்கட்கிழமை அவர் எங்களோட உக்காரறாரு மேடம். முப்பது கோட்டுக்கு ஆர்டர் பேச. கண்ணை மூடினாலே ஒரு உலை வாயைத் திறக்குதுன்னு ஒரு தடவை சொன்னாரு. நான் அதையும் ஏதோ கவிதைன்னு நினைச்சுட்டேன்.

— படுபாவி. நாலு கோட்டு! நாலு பொய்! தொலைஞ்சு போச்சுக்கான்னு தலையைக் குனிஞ்சு நிப்பான், நான் அவன் முதுகைப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு அளவு எடுப்பேன். கேட்டா செஞ்சு தரமாட்டேன்னா சொல்லியிருப்பேன்? "அக்கா, உலைக்குப் போகப் பயமா இருக்கு, இதை விக்கப் போறேன்"னு ஒரு வார்த்தை! அதைச் சொன்னா இவன் வாயில இருக்கற முத்து கொட்டிருமா? நான் என்ன அவ்வளவு கல்நெஞ்சக்காரியா? ஏன்டா மறைச்சான்? உன்கிட்டயாவது சொன்னானா?

— நான் கேட்டேன் மேடம். அந்த அக்காவை ஒரு நாள் இங்க கூட்டிட்டு வாங்களேன், எல்லாத்தையும் சொல்லிருங்களேன்னு.

— என்ன சொன்னான்?

— பதறிட்டாரு. "ஐயய்யோ, விக்கறதுக்குன்னு தெரிஞ்சா அக்கா கோணல் இல்லாம நேரா தைச்சிருவாங்க"ன்னாரு.