அடுப்பு மூலை

...கயித்தத் தாண்டிடாதீங்கம்மா! தாண்டினா கொல்லையில தோண்டுற அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு கத்தும். என் வீட்டுக் கொல்லைக்கு நானே பர்மிஷன் கேட்டுத்தான் போறேன், தெரியுமா? பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்தவங்க, மோட்டார் ஸ்விட்ச் எங்கன்னு கேக்க வந்தீங்க... சொல்றேன், சொல்றேன். மொதல்ல உள்ள வாங்க. அந்த மிக்ஸிய நகத்திட்டுக் கட்டில்லயே உக்காருங்க. ஆமா, இப்ப பெட்ரூம்தான் சமையலறை! தலகாணி பூரா வெங்காய வாடை.

பழைய சமையலறைய இடிச்சாச்சு. புதுசுக்குக் கொல்லையில அஸ்திவாரம் தோண்டினாங்க. இடுப்பளவு போயிருக்கும், கொத்தனார் கூப்புடறாரு, ‘அம்மா, கல்லு வருது’ன்னு. மண்ணத் தோண்டினா கல்லு வராம பஞ்சா வரும்? போய்ப் பாத்தா மூணு கல்லு, நடுவுல கரி, சாம்பல். பக்கத்துலயே ஒரு கல் கோடாலி. என்னா வழுவழுப்பு! மண்ணா இருக்கேன்னு நான் சோப்புப் போட்டுத் தேச்சுக் கழுவி வெயில்ல காய வெச்சேன். அதுக்கு, விஷயம் கேள்விப்பட்டு வந்த தொல்லியல் துறை சார் தலையில கைய வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாரு! அந்த அழுக்குலதான் விஷயமே இருந்துச்சாம். இரும்பே கண்டுபிடிக்காத காலத்து அழுக்காம். எனக்கென்ன தெரியும்? கழுவாம இந்த வீட்டுக்குள்ள எதையும் விட்டதில்ல, எங்க வீட்டுக்காரர் உட்பட.

சிரிக்காதீங்க! அவங்க தோண்டுற அழகப் பாருங்க... பிரஷ்ஷ வெச்சு மண்ணுக்குக் கிச்சுகிச்சு மூட்டிட்டு இருக்காங்க. நேத்து சார் சொல்லிட்டாரு, அந்த அடுப்பு அப்படியே இருக்கணுமாம், அங்க சமையலறை கட்டவே முடியாதாம். ‘வேணும்னா முன்பக்கம் கட்டிக்குங்க’ங்கறாரு.

எங்க வீட்டுக்காரர் மொகத்துல அப்ப ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க! ஏன்னா... அட, எந்திரிச்சிட்டீங்களே! ஸ்விட்ச் உங்க மாடிப்படிக்குக் கீழதாம்மா, இருங்க, முடிச்சிட்டேன்... ஏன்னா, பிளான்ல சமையலறை முன்பக்கம்தான் இருந்துச்சு. ஒத்தக் கால்ல நின்னு பின்னாடி மாத்தினது நாந்தான். அங்கதான் காத்து. புகை வீட்டுக்குள்ள திரும்பாது. அது அவருக்குப் புரியணுமே? பாக்குறவங்க கிட்டயெல்லாம், ‘அந்த மூலையில புத்தியுள்ள எவளாவது அடுப்பு வைப்பாளா?’ன்னு கேட்டுட்டுத் திரிஞ்சாரு.

நேத்து எனக்கு அழுகையாத்தான் வந்துச்சு, பொய் சொல்லல. எத்தன ஆசையா கேட்ட சமையலறை! போச்சு. ஆனா காலைல மொத வேலையா அந்த மனுஷன் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய்க் குழியோரமா நிறுத்தினேன். கயித்துக்கு இந்தப் பக்கம்தான். ‘எவளாவது வைப்பாளான்னு கேட்டீங்களே, நல்லாப் பாருங்க’ன்னேன்.

‘வெச்சிருக்கா!’